காற்று உறிஞ்சும் மிஷினுக்கு வெள்ளிக்கிழமைப் பொட்டு

வெட்கப்படுகிறவர்கள் தனியாகக் கடைக்குப் போகக்கூடாது. கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டுவோம். பாதி காதில் விழாது. விழாததைத் திரும்பக் கேட்கவும் வாய் வராது. வீட்டுக்கு வந்து, விழாத பாதிக்கு நம் புத்தியைப் போட்டு நிரப்பிக்கொள்வோம். என் புத்தியைப் போட்டு நான் நிரப்பியதைத்தான் இப்போது எழுதப்போகிறேன். (எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தோட்டத்துச் சனத்துக்கும் தெரியும். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.)

மாத்தளைப் பக்கம், ரத்தொட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டில் நானும், மருமகள் செல்வியும், அவளுடைய சின்ன மகளும். என் மகன் கொழும்பில் லொறி ஓட்டுகிறான். மாதத்துக்கு ஒரு தரம் வருவான். செல்வி கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறாள். தைத்து வருகிற சட்டைகளில் பிழை இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற வேலை. அவள் கண்ணுக்கு ஒரு தையல் தப்பாது என்று அங்கே பேர். இந்தப் பேரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போன மழையில் கோயிலுக்குக் கீழே இருக்கிற வளைவில் மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டது. பஸ் இல்லை, லொறி இல்லை, கரண்டும் இல்லை. வீட்டில் இருந்த அரிசியில் ஈரம் ஏறிப் பூச்சி வைத்துவிட்டது. பருப்பு பூத்துப்போனது. பேத்தி பசிக்கிறது என்று சொல்லாமல், சோற்றுப் பானையின் மூடியை மட்டும் திறந்து திறந்து பார்த்தாள். அப்போது கீழ்க் கிராமத்துச் சிங்களச் சனங்கள்தான் ஒற்றையடிப் பாதையில் சேற்றில் ஏறி வந்து சாப்பாடு தந்தார்கள். ஒரு அம்மா தூக்குச்சட்டியில் சோறும் பருப்பும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது அதில் போட எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தர் பாத்திரம் வெறுமையாகப் போனது அன்றைக்குத்தான். அந்த அம்மா ஒன்றும் நினைத்திருக்கமாட்டார். எனக்குத்தான் கை கூசியது.

மழை விட்டதும் செல்வி போனில் ஒரு வீடியோ காட்டினாள். ஒரு பெண் பையில் அரிசியைப் போட்டு ஒரு மிஷினில் வாயைக் கொடுக்கிறாள். (பையின் வாயை.) மிஷின் காற்றை எல்லாம் உறிஞ்சி, சூட்டில் வாயை ஒட்டிவிடுகிறது.

"காத்து இல்லாட்டி பூச்சியும் வராது, பூஞ்சணமும் புடிக்காது அத்தே. காஞ்ச சாமான் மாசக்கணக்கா அப்பிடியே இருக்குமாம். அடுத்த மழைக்கு முந்தி நம்ம அடுக்கி வச்சிரலாம்."

"நீயே போய் வாங்கிட்டு வா தாயி."

"எனக்கு லீவு தர்றாங்களா என்ன? காய வைக்கிறது, கட்டி வைக்கிறது எல்லாம் நீங்கதானே. நீங்க பார்த்து வாங்கினாத்தான் சரியா இருக்கும்."

இப்படி என்னை நம்பி யாராவது ஒரு வேலையைக் கொடுத்தால் என்னால் மறுக்க முடியாது. போனேன்.

மாத்தளையில் ஒரு சந்துக்குள்ளே கரண்ட் சாமான் விற்கிற கடை. முதலாளி ஒரு முஸ்லிம் தம்பி. என் மகன் வயதுதான் இருக்கும், அதனால் என்னை உம்மா, அதாவது அம்மா, என்றே கூப்பிட்டார்.

"வாங்க உம்மா. என்ன வேணும்?"

பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்த வசனம் அத்தனையும் பறந்துவிட்டது. "காத்து... உறிஞ்சிற..." என்று கையைச் சுழற்றிக் காட்டினேன். அவர் உள்ளே போய், வீடு கூட்டுகிற பெரிய மிஷினைச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்தார். அதற்கு யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். இது வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு, அதையே வாங்கிக்கொண்டு போயிருப்பேன். பஸ்ஸில் அதை எங்கே வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். நல்லவேளை, செல்வி என் போனில் படம் அனுப்பியிருந்தாள்.

படத்தைப் பார்த்ததும் அவர் கண்ணாடி மேசையில் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று கையால் அடிக்கிற பம்பு. இன்னொன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோடு போடுகிற அடிமட்டம் மாதிரி நீளமாக, லேசாக இருந்தது. மூன்றாவது கனமானது. மூடியின் இரண்டு பக்கமும் அமுக்கிப் பூட்டுகிற கொக்கி இருந்தது. நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.

"என்ன உம்மா, நிறுத்துப் பாக்குறீங்களா?" என்று சிரித்தார்.

நான் வயதில் பாதியைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை பெக்டரியில், சல்லடைப் பக்கம் வேலை செய்து கழித்தவள். அங்கே கனமான மிஷின் நாங்கள் எல்லாரும் பென்ஷன் போன பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. லேசானது இரண்டு வருடத்தில் பழைய இரும்புக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அதுதான்.

"பாரத்துல ஒண்டும் இல்ல உம்மா. இந்தச் சூடாகிற பட்டிய பாருங்க. இது அகலமா ஈந்தாத்தான் வாய் நல்லா ஒட்டும். இந்தப் பெரிய மிஷின்ல நல்ல அகலம் ஈக்கி. காஞ்ச சாமானா கட்டப் போறீங்க, ஈரச் சாமானா?"

"காஞ்சதுங்க."

(ஈக்கி என்றால் அவர் பேச்சில் இருக்கு, ஈந்தா என்றால் இருந்தால்.) அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அரிசி பருப்பை வெயிலில் காய வைத்து, சூடு ஆறிய பிறகுதான் பையில் போட வேண்டும். கருவாட்டு முள் பையைக் குத்தும், அதனால் தாளில் சுற்றிவிட வேண்டும். மாவும் தூளும் காற்றோடு சேர்ந்து மிஷினுக்குள்ளே போய்விடும், அதனால் முதலில் ஒரு சின்னப் பையில் கட்டிக்கொள்ள வேண்டும். பையின் உள்பக்கம் வரிவரியாக இருப்பதையே வாங்க வேண்டும். நான் சாமி வந்தவள் மாதிரி தலையை ஆட்டினேன். அந்தப் பட்டியில் ஒன்றும் படக்கூடாது என்று அவர் சொன்னாரா என்று மட்டும் இன்றைக்கும் எனக்கு நிச்சயம் இல்லை. சொல்லியிருப்பார். அந்த நேரம் நான் பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

கனமானதையே வாங்கினேன். (கனமானது என்பதற்காகத்தான். பட்டி அகலம் என்பதற்காக என்று செல்வியிடம் சொன்னேன்.)

மறுநாள் வெள்ளிக்கிழமை. புதுச் சாமானைப் பூஜை போடாமல் தொடுகிற வழக்கம் எங்களிடம் கிடையாது. ஸ்டோரில் ஆயுத பூஜை அன்றைக்கு ஒவ்வொரு மிஷினையும் கழுவி, திருநீறு பூசி, சந்தனம் குங்குமம் வைப்போம். எங்கே வைப்போம் என்றால், கொழுந்து உள்ளே போகிற வாயில். வாய்தான் மிஷினுக்கு முகம். அந்த வாய் ஒவ்வொன்றும் கிணறு அகலம். அதில் ஒரு பொட்டு வைத்தால் என்ன, ஒன்பது வைத்தால் என்ன.

இந்த மிஷினின் மூடியைத் திறந்தேன். உள்ளே கறுப்பாக, மொட்டையாக, ஒரு விரல் அகலத்தில் அந்தப் பட்டி. பார்க்கவே பாவமாக இருந்தது. ஒரு விரலால் திருநீறு இழுத்தேன். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். நடுவில் மட்டும் வைத்தால் நன்றாக இல்லை என்று இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பொட்டு. கோணல் இல்லாமல், ஒரே நேராக வைத்தேன். கற்பூரம் காட்டினேன். பேத்தியும் கண்ணை மூடிக் கும்பிட்டாள். அடுத்த மழையில் எங்கள் வீட்டுப் பானை வெறுமையாக இருக்கக்கூடாது, வாசலுக்கு வருகிறவரை வெறும் கையோடு அனுப்பக்கூடாது என்று வேண்டிக்கொண்டு, மூடியைச் சாத்தினேன்.

முதலில் பருப்பு. மிஷின் நுளம்பு (கொசுதான்) மாதிரி ஙொய்யென்று சத்தம் போட்டது. பை சுருங்கி, பருப்பைக் கல்லு மாதிரி பிடித்துக்கொண்டது. நானும் பேத்தியும் கை தட்டினோம். பிறகு அரிசி, கடலை, நெத்தலிக் கருவாடு, காய வைத்த பலாச்சுளை. சாயந்திரம் செல்வி வந்ததும் எல்லாவற்றையும் அவள் முன்னால் பரப்பினேன். அவள் ஒவ்வொரு பையாக எடுத்து, ஒட்டிய இடத்தைச் சட்டையின் தையலைத் தடவுகிற மாதிரி விரலால் தடவிப் பார்த்தாள்.

"சூப்பர் அத்தே. பாருங்க, கம்பனிக்காரன் ஒவ்வொரு பையிலயும் செவப்பா முத்திரை கூடக் குத்தியிருக்கான். நடுவுல ஒண்ணு, ஓரத்துல ரெண்டு. எல்லாத்துலயும் ஒரே நேரா இருக்கு. நல்ல கம்பனி."

அது என் குங்குமம் என்று எனக்கு லேசாகத் தோன்றியது. ஆனால் படித்த பிள்ளை, வேலையில் இருக்கிற பிள்ளை சொல்கிறது. கம்பனிக்காரனும் குங்குமம் வைக்கிறானோ என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு கிழமை, ஏழு நாள் முடிவதற்குள் பைகள் தளர்ந்தன. கல்லு மாதிரி இருந்த பருப்பு, கையில் எடுத்தால் கலகலவென்றது. எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. பூஜையில் ஏதோ குறை. அடுத்த வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பழைய பொட்டின் மேலேயே பெரிய பொட்டாக வைத்தேன். (சாமிக்கு வைத்ததைத் துடைக்கவா முடியும்?) அவிழ்ந்த பைகளின் வாயை வெட்டி மறுபடி ஒட்டினேன். இந்தத் தடவை இரண்டு நாளிலேயே தளர்ந்தன. அதற்கடுத்த கிழமை எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்து, பொட்டை இன்னும் பெரிதாக்கினேன். அன்று சாயந்திரமே காற்று ஏறிவிட்டது. நான் கும்பிடக் கும்பிட அது மோசமாகிக்கொண்டே போனது. நெத்தலி வாசத்துக்குப் பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் அலுமாரி முன்னால் குடிவந்துவிட்டது.

செல்வி ஒரு பையை அமுக்கிப் பார்த்துவிட்டு, வெளியே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தாள்.

"மழை இறங்கப் போகுது அத்தே. போன தடவை மாதிரி அரிசி கெட்டுப்போச்சின்னா புள்ளைக்கு என்ன குடுக்கிறது?"

சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னதைத்தான் தாங்கமுடியவில்லை. என்னை நம்பி அனுப்பினாள், நான் பழுதான சாமானைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். மறுநாள் காலையில் மிஷினைப் பழைய சேலையில் சுற்றி, ஒரு பொட்டலம் நெத்தலியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வாழ்க்கையில் நான் யாரையும் ஏசியதில்லை. அன்றைக்கு வழியெல்லாம் ஏசிப் பழகினேன். கொஞ்சம் சத்தமாகவே பழகிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார்.

கடையில் நல்ல கூட்டம். முன்னால் ஒரு சிங்கள அம்மா சோறு சமைக்கிற குக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரையும் பார்க்காமல் நேரே போய், மிஷினைக் கண்ணாடி மேசையில் வைத்தேன்.

"மொதலாளி, நீங்க நல்ல மனுசன்னு நெனச்சேன். வயசான பொம்பள, ஒண்ணும் தெரியாதுன்னு கெட்டுப்போன சாமானத் தலையில கட்டிட்டீங்களே. எங்க வீட்டுல சின்னப்புள்ள இருக்குங்க. மழைக்கு வச்ச சாப்பாடுங்க இது."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. "கொஞ்சம் ஈங்க உம்மா, பாப்பம்" என்று சொல்லி மூடியைத் திறக்கப் பார்த்தார். வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ ட்ரைவரால் நெம்பித் திறந்தார். கருகின சந்தன வாசம் கடை முழுக்கப் பரவியது. பட்டி என்று ஒன்று இருந்த இடத்தில் திருநீறும் சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காக வெந்து, எங்கள் மாரியம்மன் கோயில் சூலத்தடி மாதிரி இருந்தது.

அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உம்மா, இது என்ன?"

"பொட்டுங்க."

"மிஷினுக்கா?"

"ஆமாங்க. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை."

"எல்லா வெள்ளிக்கிழமையுமா?"

"ஒரு கெழமையும் விடலீங்க," என்றேன். சாமானை நான் எவ்வளவு நன்றாகப் பராமரித்திருக்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று, கொஞ்சம் தலையை நிமிர்த்தியே சொன்னேன்.

"அனே, மொகத மே?" என்று அந்தச் சிங்கள அம்மா எட்டிப் பார்த்தார். இது என்ன என்று கேட்கிறார். முதலாளி சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். பிறகு கடையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான், சூட்டில் ஒட்ட வேண்டிய இடத்தை எல்லாம் நானே பொட்டு வைத்து அடைத்திருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது. முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அந்தக் கடையில் பெரிய பிரிட்ஜ் ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் என்ன என்று இருந்தது.

முதலாளி ஈரத் துணி ஒன்றை எடுத்தார். பட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர், கையை நிறுத்திக்கொண்டார்.

"உம்மா, இது நீங்க சாமிக்கு வெச்சது. நான் தொடச்சாப் பரவாயில்லையா? இல்லாட்டி நீங்களே தொடைக்கிறீங்களா?"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கு அவர் வீட்டுப் பிள்ளைகள் நல்லா இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அவர் அதை ஒரே இழுப்பில் துடைத்துக் குப்பையில் போட்டிருக்கலாம். நான் வாங்கி, நானே துடைத்தேன். துடைக்கும்போது மனசுக்குள் மிஷினிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

எனக்கு உட்கார ஒரு கதிரை வந்தது. ப்ளேன் டீ வந்தது. பட்டியின் மேல் கருகிப்போன நாடாவை உரித்துவிட்டுப் புது நாடா ஒட்டித் தந்தார், அதற்கு ஒன்றும் வாங்கவில்லை. "நான் சரியாச் சொல்லித் தந்திருக்கணும் உம்மா. என்ட பிழைதான்" என்றார். அந்தச் சிங்கள அம்மா என் பக்கத்தில் வந்து தோளைத் தட்டி ஏதோ சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. முதலாளி சொன்னார்: "அவங்கட வீட்டுக்காரர் புதுத் திரீவீலருக்கு முன்கண்ணாடியே தெரியாம மாலை போட்டாராம். பன்சலைக்கு, அவங்கட கோயிலுக்குக் கொண்டுபோற வழியில வேலியோட முட்டிட்டாராம். நீங்க பரவாயில்லையாம்."

அதற்கு நானும் சிரித்துவிட்டேன்.

கொண்டுபோன நெத்தலியைத் தாளில் சுற்றி அவரே பையில் போட்டு ஒட்டிக் காட்டினார். சிவப்பு இல்லை, ஒன்றும் இல்லை. அவரும் இழுத்துப் பார்த்தார், அந்த அம்மாவும் இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை. "பொட்டு வெக்கணுமெண்டா, மூடிக்கு மேல வைங்க உம்மா. எவ்வளவு பெரிசா வேணுமெண்டாலும்" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து செல்வியிடம் அப்படியே சொல்லிவிட்டேன். அவள் அலுமாரியிலிருந்து ஒரு பழைய பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"அப்ப இது கம்பனி முத்திரை இல்லையா?"

"இல்ல தாயி."

"நீங்க வச்சதா?"

"ஆமா தாயி."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "அத்தே, ஒரு நூலு வெளிய வந்திருந்தாலே சட்டையத் திருப்பி அனுப்புறவ நானு. நேரா இருக்குன்னு சொல்லி இத பாஸ் பண்ணிட்டேனே. வேலையில தெரிஞ்சா என்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்க." உடனே என் மகனுக்குப் போன் எடுத்தாள். அவன் லொறியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தான். எனக்கு ஏச்சு விழும் என்று வந்தேன். ஒருத்தர்கூட ஏசவில்லை. பழைய பைகளை எல்லாம் வெட்டி, கெட்டதைக் கழித்து, மிச்சத்தை வெயில் கண்ட நேரமெல்லாம் காய வைத்து, செல்வியும் நானுமாக மறுபடி கட்டினோம். அவள் பிடித்தாள், நான் அமுக்கினேன்.

மழை வந்தது. அதே வளைவு மறுபடி சரிந்தது. இந்தத் தடவை கீழ்க் கிராமத்தை டவுனோடு சேர்க்கிற பாலமும் தண்ணீரில் போனதால், அவர்களுக்கும் டவுன் பக்கம் வழியில்லை. எங்கள் வீட்டில் ஒவ்வொரு பையாக வெட்டினோம். அரிசி அரிசியாகவே இருந்தது, பருப்பு பருப்பாகவே இருந்தது. பேத்தி பானை மூடியைத் திறந்தபோதெல்லாம் உள்ளே ஏதாவது இருந்தது. கொஞ்சம் மழை குறைந்த ஒரு பகலில் செல்வி ஒரு பை நிறைய அரிசியும் பருப்பும் பலாச்சுளையும் எடுத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் கீழே இறங்கிப் போனாள். நான் வாசலில் நின்று அவள் தலை மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நம்பி அனுப்பினவளை நான் கைவிடவில்லை என்று அன்றைக்குத்தான் மூச்சு விட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் யாராவது பாசத்தை அதிகமாகக் காட்டி ஒன்றைக் கெடுத்தால், "முத்திரை குத்தியாச்சு" என்பார்கள். என் மகன் லீவுக்கு வந்து கொச்சி மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அழுக வைத்தான். செல்வி பார்த்துவிட்டு, "முத்திரை குத்திட்டாரு" என்றாள். பேத்தியின் வகுப்பு டீச்சர் வரைக்கும் இந்த வார்த்தை போயிருக்கிறது. பக்கத்து லயத்து வீட்டில் தாளித்த குழம்பில் உப்புக் கூடினாலும் இதே பேச்சுத்தான்.

ஆயுத பூஜை அன்றைக்கு வீட்டுச் சாமானுக்கெல்லாம் பொட்டு வைப்பது இன்னும் நான்தான். அந்த மிஷினுக்கு மட்டும் செல்வி வைப்பாள், மூடிக்கு மேலே, கடுகளவு. நான் அறைக்கு வெளியே நின்று கும்பிடலாம் என்று உத்தரவு. நின்று கும்பிடுவேன். அப்போதும் அவள் திரும்பிப் பார்த்துச் சொல்வாள்:

"இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க அத்தே."